நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உடம்பு கைவிட்டுவிட்டது, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. ஒரு வருடமாக ஞாயிறுதோறும் காலையில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். எடை குறைய வேண்டும் என்பதால் பால் சேர்க்காத காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவேன். வழியில் தண்ணீர்தான். போன வாரம் இரண்டு மணி நேரம் தாண்டியதும் கால்கள் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. கை நடுங்கியது, குப்பென்று வியர்த்தது, ஏனென்றே தெரியாமல் அழுகை வந்தது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த நண்பர் பழச்சாறு கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். சர்க்கரை நோய் இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இது இதயக் கோளாறா? மறுபடி வந்தால் எப்படிச் சமாளிப்பது? ஓட்டும்போது தெம்புக்காகச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டுகள் வாங்க வேண்டுமா?

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது அந்தப் பழச்சாறுதான். இனிப்பு உள்ளே போன கால் மணி நேரத்தில் நடுக்கமும் அழுகையும் அடங்கியது என்றால், பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் 'பாங்க்' (bonk) என்பார்கள். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்தி) கிளைக்கோஜன் என்ற வடிவில் இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகிறது. தசைகளில் ஏறக்குறைய 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு. தசை கொஞ்சம் சுயநலக்காரன். தன் இருப்பைத் தானே செலவழிக்குமே தவிர ரத்தத்துக்குக் கொடுக்காது. சாப்பாடு இல்லாத நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல்தான். மூளை அதை நம்பித்தான் இருக்கிறது. இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். இரவு முழுக்க நீங்கள் தூங்கினாலும் மூளை தூங்கவில்லை, அதற்குக் கல்லீரல் படி அளந்துகொண்டே இருந்தது. விடியும்போது அந்த இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதோடு சைக்கிளில் ஏறி இரண்டு மணி நேரம் மிதித்திருக்கிறீர்கள். கால் கனத்துப்போவதற்குத் தசையின் இருப்பு தீர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்த அழுகை மூளை பட்டினி கிடந்ததன் அறிகுறி. எரிச்சல், வழி மறந்துபோவது, இரண்டு எண்களைக் கூட்ட முடியாமல் திணறுவது எல்லாமே இந்த வகைதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் போஸ்டன் மாரத்தான் முடிந்த கையோடு சில ஓட்டக்காரர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். துவண்டுபோய் வந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. மறு வருடம் ஓட்டத்துக்கு முன்னால் மாவுச்சத்து நிறையச் சாப்பிட வைத்து, ஓடும்போது மிட்டாயும் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக வந்து சேர்ந்தார்கள். நூறு வருடம் ஆகியும் வெறும் வயிற்றில் கிளம்புகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

'உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருக்கிறதே, அது எரியட்டும்' என்று நினைத்திருப்பீர்கள். எரியும், ஆனால் மெதுவாக. பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்துக்குக் கொழுப்பு பெருமளவு ஈடுகொடுக்கும். மூச்சு வாங்கும் வேகத்துக்குத் தசை மாவுச்சத்தைத்தான் கேட்கும். எடை குறைவதும் முழு நாளின், முழு வாரத்தின் கணக்கு. சைக்கிள் மேல் பட்டினி கிடப்பதால் அதில் தனி லாபம் எதுவும் கிடைப்பதில்லை.

மறுபடி வந்தால், முதலில் இறங்குங்கள். தலை தெளிவில்லாதபோது சாலையில் இரண்டு சக்கரத்தில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 15 முதல் 20 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ ஒரு சின்ன டம்ளர் பழச்சாறோ போதும். சாக்லேட், கொட்டை வகைகள் வேண்டாம். அவற்றின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் உட்காருங்கள், தெளியாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்த பிறகு விட்ட தூரத்தைப் பிடிக்கிறேன் என்று விரட்டாதீர்கள். நீங்கள் குடித்தது ரத்தத்தைத்தான் சரிசெய்தது. தசை நிரம்ப, ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மெதுவாக வீடு திரும்புங்கள், அல்லது யாரையாவது வரச் சொல்லுங்கள்.

இனிப்பு கொடுத்தும் ஒருவருக்குக் குழப்பம் தீரவில்லை என்றால் அது வேறு விஷயம். வெயிலில் உடம்பு கொதித்து, பேச்சு உளறினால் வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகக் குடித்தவருக்குத் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். 'நீர்ச்சத்து போயிருக்கும்' என்று மேலும் தண்ணீர் கொடுப்பது அவருக்கு ஆபத்து, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை நோய்க்கான மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்தப் பதில் போதாது, அவர்கள் தங்கள் மருத்துவரோடு அளவுகளைப் பேசிய பிறகே நீண்ட தூரம் போக வேண்டும்.

வராமல் தடுக்க, பசியை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். பசி எடுக்கும்போது நேரம் கடந்திருக்கும். கடினமாக உழைக்கும்போது பலருக்குப் பசியே தெரியாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் மாவுச்சத்து உள்ள உணவு நல்லது. அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது என்றால் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியுமாவது சாப்பிடுங்கள். முதல் அரை மணிக்குள் ஆரம்பித்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் உள்ளே போகட்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உங்கள் தூரத்துக்குப் போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஏறக்குறைய 30 கிராம் அதிலேயே வந்துவிடும். அதைவிடத் திக்காகக் கலக்கினால் வயிறு முரண்டு பிடிக்கும். அப்புறம், முதல் ஒரு மணி நேரம் உற்சாகத்தில் பறக்காதீர்கள். இருப்பு அங்கேதான் வீணாகிறது.

இதயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதயத்தைக் காட்டவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு 52இல் மாரடைப்பு, உங்களுக்கு 42 என்பதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி பார்த்துவிட்டு, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே ரத்தச் சோகை, தைராய்டு. சாப்பிட்டுவிட்டுப் போயும் இதே சோர்வு வந்தால் அவைதான் அடுத்த சந்தேகம். பரிசோதனை முடியும் வரை ஒரு மணி நேரத்துக்குள், பேசிக்கொண்டே போகும் வேகத்தில் ஓட்டுங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தம், படபடப்பு, மயக்கம் வந்தால் பழச்சாறு குடித்துப் பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

ஜெல் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் 20, 25 கிராம் மாவுச்சத்துதான். பையில் வைக்க வசதி, அவ்வளவே. வாங்கினால் தண்ணீரோடு சாப்பிடுங்கள். சில ஜெல்லில் காஃபீன் இருக்கும், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். போட்டி நாளில் முதல்முறையாகப் பிரிக்காமல், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் வயிறு அதை ஏற்கிறதா என்று பாருங்கள்.