பார்த்துப் பார்த்தே தேவையாகிவிட்ட பொருள்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறோம். எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, கணவர் லாரி ஓட்டுகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து 5,500 ரிங்கிட் கைக்கு வருகிறது. பொருளை இப்போது வாங்கிப் பிறகு கட்டும் 'பே லேட்டர்' தவணைகள் ஏழு ஓடுகின்றன. அவற்றுக்கு மாதம் 640 போகிறது, இன்னும் 3,600 பாக்கி. கட்டணம் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடுதான். ஆனாலும் மாதக் கடைசியில் 400 துண்டு விழுகிறது. இப்போது மளிகைச் சாமானையும் தவணையில்தான் வாங்குகிறேன். ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் 4,100 இருக்கிறது. அதை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? ஒன்பது வயது மகள் வேறு டேப்லட் கேட்கிறாள்.

பதில்: சகோதரி, முதலில் அந்த 'ஒன்றரை விழுக்காடுதான்' என்பதைப் பார்ப்போம். 1,200 ரிங்கிட் பொருளை 12 தவணையில் வாங்கினால் மாதம் 100 அசல், 18 கட்டணம். மொத்தம் 1,416. பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, கட்டணம் மட்டும் குறைவதில்லை. சராசரியாகப் பார்த்தால் வருடம் முழுக்க உங்களிடம் இருந்த கடன் சுமார் 650 ரிங்கிட்தான். அதற்கு 216 கட்டியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 15 முதல் 18 விழுக்காடு வாங்கும் கிரெடிட் கார்டுக்கு எல்லாரும் பயப்படுகிறோம், இதற்குப் பயப்படுவதில்லை.

சேமநிதி 2024-க்குக் கொடுத்த ஈவுத்தொகை 6.3 விழுக்காடு. அப்படியென்றால் எடுத்து அடைப்பதுதானே லாபம் என்பீர்கள். வெறும் கணக்காகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. இருந்தும் வேண்டாம் என்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "ஏர் ஃபிரையர் விளம்பரத்தை ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து, இது இல்லாமல் இத்தனை வருஷம் எப்படிச் சமைத்தோம் என்று தோன்றிவிட்டது."

இந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அர்த்தம் தெரியாத சொற்களையும் சீன எழுத்துகள் போன்ற குறிகளையும் ஆட்களிடம் காட்டினார். சிலவற்றைப் பல தடவை, சிலவற்றை ஓரிரு தடவை. அதிகம் கண்ணில் பட்டவற்றையே 'நல்லதாக இருக்கும்' என்று அவர்கள் சொன்னார்கள். யாரும் அவற்றைப் புகழவில்லை, விளக்கவும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் செயலியில் ஒரு பொருளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாலே மறுநாள் முகநூலில் வருகிறது, யூடியூபில் வருகிறது, இரவு பத்து மணிக்குக் கைப்பேசி மணியடித்தும் சொல்கிறது. கண்ணுக்குப் பழகிய பொருள் வீட்டில் இல்லாதது ஒரு குறையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. உங்கள் அடுப்பங்கரையில் போன வருடம் எந்தக் குறையும் இருந்ததில்லை, இல்லையா? இது உங்கள் மனப் பலவீனம் என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்கும் நடக்கிறது.

இந்த நிலையில் சேமநிதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினால் என்ன ஆகும்? கட்டிய அன்றே பே லேட்டர் வரம்பு முழுதாகத் திறந்துவிடும். நவம்பரில் 11.11 தள்ளுபடி விற்பனை வரும், டிசம்பரில் 12.12 வரும். அடுத்த வருடம் 3,600 கடன் திரும்ப வந்திருக்கும், மூன்றாவது கணக்கில் பணம் இருக்காது.

நீங்கள் அனுப்பிய பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். மூன்று தவணைகள் இரண்டே மாதத்தில் முடிகின்றன, அவை மட்டும் மாதம் 350. மற்ற நான்கும் பத்து மாதத்தில் முடிந்துவிடும். புதிதாக எதையும் சேர்க்காவிட்டால் இந்தக் கடன் தானாகவே தீரும். அதனால் பே லேட்டரை இன்றைக்கே மூடச் சொல்லிக் கேளுங்கள். பாக்கி இருக்கும்வரை மூட முடியாது என்றால் வரம்பையாவது குறைக்கச் சொல்லுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். தவணை கட்ட மட்டும் மாதம் ஒரு நாள் கணவர் கைப்பேசியில் திறந்தால் போதும். ஏதாவது வாங்கத் தோன்றினால் அடுப்பங்கரை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். இரண்டு சம்பளம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து வாங்கலாம்.

முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான், மளிகையையும் ரொக்கத்தில் வாங்க வேண்டும். அந்தத் துண்டை அடைக்க மட்டும் மூன்றாவது கணக்கிலிருந்து மாதம் 400 எடுங்கள். 800-க்கு மேல் தொடாதீர்கள். மூன்றாவது மாதத்தில் துண்டு 50-க்கு இறங்கிவிடும், அதை வீட்டுச் செலவிலேயே சமாளிக்கலாம். இடையில் ஒரு தவணை தவறினாலும் காத்திருக்க வேண்டாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே-யில் இலவசமாகவே ஆலோசனை சொல்வார்கள்.

அப்புறம் மகளின் டேப்லட். பள்ளியில் கேட்டிருக்கிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கேட்டிருந்தால் கடைசி நான்கு தவணையும் முடிந்த பிறகு, மாதம் 290 மிச்சமாகும்போது, மூன்று மாதம் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அதுவரை அவள் உங்கள் கைப்பேசியில் படிக்கட்டும், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். இடையில் விளம்பரம் வந்தால், இதே விளம்பரம் இன்றைக்கு எத்தனையாவது தடவை வருகிறது என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.