கிங் எழுதிய நாட்குறிப்பு: வாசகர் கேள்விகள்

கனடாவின் பிரதமராக இருந்த மெக்கன்சி கிங் பதவியில் இருந்தபோதும் நாட்குறிப்பு எழுதினாராமே? அவ்வளவு வேலைக்கு நடுவே எப்படி முடிந்தது?

1893-ல், டொராண்டோ பல்கலைக்கழக மாணவராக, பதினெட்டு வயதில் தொடங்கினார். 1950 ஜூலையில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை எழுதினார். இடையில் மூன்று தவணைகளாக இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் பிரதமர். மொத்தம் சுமார் 30,000 பக்கங்கள்.

முடிந்ததற்குக் காரணம் முறையை மாற்றிக்கொண்டதுதான். தொடக்க காலம் முழுக்கக் கைப்பட எழுதினார். 1935-ல் மறுபடி பதவிக்கு வந்த காலத்திலிருந்து பெரும்பாலும் அவர் வாயால் சொல்ல, செயலாளர் தட்டச்சு செய்தார். அதனால் பக்கங்கள் பெருகின. கைப்பட எழுதியவற்றில் ஒரு வரியில் முடிந்த கூட்டங்கள், தட்டச்சுப் பக்கங்களில் யார் என்ன சொன்னார் என்று நீள்கின்றன. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஆவிகளோடு பேசியதாக அவர் நம்பிய அமர்வுகளுக்குத் தனியே கைப்படக் குறிப்புகள் வைத்திருந்தார்.

அவர் எழுதியதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

அன்று அவர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. என்ன நடந்தது என்பதற்கு இது ஒருவருடைய சாட்சி மட்டுமே. 1937 ஜூனில் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு, இவர் போரை விரும்பாதவர் என்று மனதார நம்பி எழுதியிருக்கிறார். ஹிட்லரைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அப்போது என்ன நம்பினார்கள் என்பது தெரிகிறது. எனக்கு அது மிகவும் மதிப்புள்ள பக்கம். பின்னாளில் நினைவுக்குறிப்பு எழுதும் தலைவர் எவரும் முதலில் அழிப்பது இத்தகைய பக்கத்தைத்தான்.

நடந்ததை உறுதிசெய்ய வேறு ஆவணம் வேண்டும். இங்கே ஒரு சிக்கல். 1940-க்கு முன் கனடாவின் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான நிகழ்ச்சி நிரலோ நடவடிக்கைக் குறிப்போ கிடையாது. அந்த ஆண்டு ஆர்னால்டு ஹீனி அமைச்சரவைச் செயலாளரான பிறகே, அமைச்சரவையின் போர்க்குழுவில் தொடங்கி அந்த வழக்கம் வந்தது. ஆக, முந்தைய ஆண்டுகளில் மூடிய கதவுக்குள் நடந்த பல பேச்சுகளுக்கு நாட்குறிப்பு ஒன்றே பதிவு. 1940-க்குப் பிந்தைய பக்கமென்றால் அதே தேதியின் போர்க்குழுக் குறிப்பையும் நாடாளுமன்ற விவாதப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கிங் தன் பேச்சை நீட்டியும் எதிர்த்தவர் பேச்சைக் குறுக்கியும் சொல்லும் இடங்கள் தெரிய வரும்.

கடிகார முட்கள் ஒன்றின்மேல் ஒன்றாகவோ நேர்க்கோட்டிலோ நின்றால் அது நல்ல அறிகுறி என்பது அவர் நம்பிக்கை. அதற்காகவும் நேரத்தைக் குறித்தார். அந்த நேரங்களை மட்டும் வைத்து நிகழ்ச்சி வரிசையை அமைக்காதீர்கள்.

நாட்குறிப்பில் ஒரு பகுதி காணாமல் போனது உண்மையா?

உண்மை. 1945 நவம்பர் 10 முதல் டிசம்பர் 31 வரையிலான பகுதி இல்லை. அந்த செப்டம்பரில்தான் ஒட்டாவா சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் இகோர் கௌசென்கோ உளவு ஆவணங்களோடு வெளியேறியிருந்தார். யாராவது எடுத்தார்களா, அவரே அழித்தாரா என்று பல ஊகங்கள், எதற்கும் ஆதாரமில்லை. செப்டம்பர் பக்கங்கள் பத்திரமாக உள்ளன. அந்த மனிதரை ஏற்க கிங் எவ்வளவு தயங்கினார் என்பதை அவர் வாயாலேயே அறியலாம்.

அழித்துவிடச் சொன்னாராமே?

தான் குறித்துக் காட்டும் பகுதிகள் தவிர மற்றதை அழிக்க வேண்டும் என்று உயிலில் சொன்னார். எதையும் குறித்துக் காட்டாமலே இறந்துபோனார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள் நாட்குறிப்பைக் காப்பாற்றினார்கள். ஆவியுலகக் குறிப்பேடுகளில் சிலவற்றை மட்டும் 1977-ல் எரித்தார்கள். நாட்குறிப்பைக் காத்தது சரி என்பதே என் கருத்து. எரித்ததை ஏற்க முடியவில்லை: எது அந்தரங்கம், எது அரசியல் என்று அவரே பிரித்து வாழவில்லையே.

இப்போது படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. சொல் தேடலை மட்டும் நம்பாதீர்கள். கணினி எழுத்தைத் தவறாக வாசித்திருக்கலாம். தட்டச்சில் பெயர் வேறு விதமாக அடிக்கப்பட்டிருக்கலாம். தேதியை வைத்துத் தேடி, முன்பின் மூன்று நாட்களையும் பாருங்கள். முதலில் 1944 அக்டோபர், நவம்பர் மாதங்களை எடுங்கள். கட்டாயப் படைச்சேர்ப்பு நெருக்கடியில், அதாவது கட்டாயமாகச் சேர்த்தவர்களை வெளிநாட்டுப் போருக்கு அனுப்பலாமா என்ற சர்ச்சையில், பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டனை நவம்பர் தொடக்கத்தில் விலக்கியதும், அதே மாதத்தில் கிங் அனுப்பக் கூடாது என்ற தன் நிலையையே மாற்றிக்கொண்டதும் நாள்வாரியாக அங்கே இருக்கின்றன.