பள்ளியைத் தேடும் முன் பையனின் காலை நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: நியூயார்க், குயின்ஸில் இருக்கிறோம். கணவர் யூதர். திருமணத்துக்கு முன்பே நானும் முறைப்படி மதம் மாறிவிட்டேன். எட்டு வயது மகன் ஒரு மாடர்ன் ஆர்த்தடாக்ஸ் (மரபைக் கடைப்பிடித்தபடி நவீன வாழ்க்கையோடும் இணைந்திருக்கும் யூதப் பிரிவு) டே ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கெட்டிக்காரன். ஆனால் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான், வகுப்பை விட்டு ஓடுகிறான், ஒருமுறை பக்கத்துப் பையனைக் கடித்தும்விட்டான். அடுத்த ஆண்டு இடம் தர முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கண்டிப்பு போதவில்லை என்கிறார் மாமியார். பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்பினால் பிரார்த்தனையும் ஹீப்ருவும் விட்டுப்போகும் என்று கணவருக்குக் கவலை. இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் யூதப் பள்ளி எது?

பதில்: பெயர்கள் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறுத்து. பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் பள்ளி மாற்றிப் பள்ளி மாற்றி அலைவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பையன் எப்போது வெடிக்கிறான், எதனால் வெடிக்கிறான் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கட்டடம் மாறும், வெடிப்பு மாறாது. உங்கள் கடிதத்திலும் அவன் என்ன செய்கிறான் என்பது இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்தப் பாடத்தில், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்பது இல்லை.

ஆகவே இன்றைய பள்ளியில் மிச்சமிருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். இடம் தர முடியாது என்று சொன்னவர்களிடமே போய், ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன கிடைத்தது. ‘காலை 8.20, பிரார்த்தனை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், இவன் மேசைக்கடியில். ரபி (மதகுரு) இவன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். சித்தூரை வீசினான். பிரின்சிபால் அறைக்கு அனுப்பப்பட்டான், அங்கே கால் மணி நேரம் அமைதியாகப் படம் வரைந்தான்.’ இப்படி ஒரு பத்து குறிப்பு கையில் இருந்தால் எந்த நிபுணருக்கும் பாதி வேலை முடிந்தது. இந்த ஒரு குறிப்பிலேயே பாருங்கள்: வீசியதற்குப் பலனாக அவனுக்குப் பிரார்த்தனையிலிருந்து விடுதலை கிடைத்திருக்கிறது. தண்டனை என்று பள்ளி நினைத்தது அவனுக்குப் பரிசாகிவிட்டது.

இதில் யூதப் பள்ளிக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. சித்தூர் என்பது பிரார்த்தனைப் புத்தகம். அது தவறிக் கீழே விழுந்தாலே எடுத்து முத்தமிட்டுத்தான் வைப்பார்கள். கணக்கு நோட்டு பறந்தால் அது சேட்டை. சித்தூர் பறந்தால் ஆசிரியரின் மனமே புண்படுகிறது, அந்த வருத்தம் அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்று எழுதியிருந்தால் உடைந்துபோகாதீர்கள். கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் எது இருந்ததோ அதைத்தான் வீசியிருப்பான்.

டே ஸ்கூலின் நாள் நீளமானது. காலை எட்டு மணிவாக்கில் பிரார்த்தனையோடு தொடங்கி தோரா (யூத மறைநூல்), ஹீப்ரு, பிறகு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று மாலை நாலு, நாலரை வரை போகும். எட்டு வயதில் இரண்டு பாடத்திட்டம், இரண்டு எழுத்து. ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம், அதிலும் உயிரொலிகள் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே புள்ளிகளும் கோடுகளுமாக நிற்கும். வாசிப்பில் மறைந்திருக்கும் சிரமம் முதலில் பல்லைக் காட்டுவது இங்கேதான். கெட்டிக்காரப் பிள்ளை ‘எனக்கு வாசிக்க வரவில்லை’ என்று சொல்லமாட்டான், மேசையைத் தள்ளிவிடுவான். அவன் வெடிப்பது காலையிலா மாலையிலா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலையில் என்றால் ஹீப்ரு வாசிப்பையும் நீண்ட நேரம் நிற்பதையும் சந்தேகிப்பேன். மூன்று மணிக்கு மேல் என்றால் களைப்பையும் பசியையும் கவனக் குறைவையும். தூக்கம், காது கேட்கும் திறன், பதற்றம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு-மிகைத்துடிப்பு ஆகியவற்றைக் குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

உங்கள் மாமியாருக்கு நான் பதில் சொல்வதைவிட, யூத மரபின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்வது பொருத்தம். அதன் பாவா பத்ரா என்ற பகுதியின் 21-ஆம் ஏட்டில், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவருக்கு ராவ் என்ற பெரியவர் புத்தி சொல்கிறார்: படிக்கிறவன் படிக்கட்டும், படிக்காதவன் மற்றவர்களோடு துணையாக உட்கார்ந்திருக்கட்டும். அதற்கு உரை எழுதிய ராஷி, அவனை அளவுக்கு மீறித் தண்டிக்கவும் வேண்டாம், உன்னிடமிருந்து விரட்டவும் வேண்டாம் என்கிறார். கடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பும் பள்ளியின் பொறுப்பே. ஆனால் வெளியே அனுப்புவதுதான் மரபு என்று யாராவது சொன்னால், மரபில் இதுவும் இருக்கிறது.

இனி சட்டம். வருத்தமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், மத அமைப்புகள் நடத்தும் பள்ளிகளுக்குத் தனியார் நிறுவனங்களுக்கான விதிகளிலிருந்து விலக்கு தருகிறது. மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிக்கு வேறு சில கடமைகள் உண்டு. மற்றபடி ‘எங்களால் முடியாது’ என்று சொல்லும் மதப் பள்ளியோடு வழக்காடி இடம் வாங்குவது அநேகமாக நடக்காத காரியம். அந்தச் சக்தியை வேறு இடத்தில் செலவிடுங்கள்.

நல்ல செய்தி: பையன் தனியார் பள்ளியில் படித்தாலும் அவனை இலவசமாக மதிப்பீடு செய்யும் கடமை பொதுக் கல்வித் துறைக்கு உண்டு. நியூயார்க்கில் சி.எஸ்.ஈ. எனப்படும் சிறப்புக் கல்விக் குழுவுக்கு நீங்களே கடிதம் எழுதலாம். நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்ட 60 நாளில் மதிப்பீடு முடிய வேண்டும். நடத்தை படிப்பைப் பாதிக்கிறது என்று கடிதத்தில் தெளிவாக எழுதி, எஃப்.பி.ஏ. எனப்படும் நடத்தைக் காரண மதிப்பீட்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மேலே சொன்ன மூன்று வரிக் குறிப்புகள் அப்போது கைகொடுக்கும்.

மதிப்பீட்டுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். யூதப் பள்ளிக் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம், உதவி மட்டும் தாருங்கள் என்பது ஒரு பாதை. நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஐ.ஈ.எஸ்.பி. என்ற தனித் திட்டம் எழுதி, சிறப்பு ஆசிரியர், கவுன்சலிங், ஆக்குபேஷனல் தெரபி, தேவைப்பட்டால் கூடவே இருக்கும் உதவியாளர் (பாரா) வரை தருவார்கள். வரும் கல்வியாண்டுக்கான கோரிக்கை ஜூன் 1-க்குள் எழுத்தில் போயிருக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

அரசு தரும் பள்ளி பொருந்தவில்லை, ஆகவே தனியார் சிறப்புப் பள்ளியின் கட்டணத்தையே தாருங்கள் என்று கேட்பது மற்றப் பாதை. உச்ச நீதிமன்றம் 1985-இல் பர்லிங்டன் வழக்கிலும் 1993-இல் கார்ட்டர் வழக்கிலும் திறந்துவிட்ட வழி இது. யூதப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த குடும்பங்களும் இதில் பணம் பெற்றிருக்கின்றன. ஆனால் குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், நீங்கள் தேர்ந்த பள்ளி பையனின் தேவைக்குப் பொருத்தம் என்று நிரூபிக்க வேண்டும், பணம் திரும்பி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சிறப்புக் கல்வி வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கும் தெரபிஸ்ட் யூதப் பள்ளிக்குள்ளேயே வந்து உட்காருவது எளிதில் கிடைத்ததில்லை. உச்ச நீதிமன்றம் அதே 1985-இல் வேறொரு வழக்கில் அதைத் தடுத்தது. கிர்யாஸ் ஜோயல் என்ற, தீவிர மரபு யூதப் பிரிவான ஹசிடிக் மக்கள் வாழும் கிராமத்துச் சிறப்புக் குழந்தைகள் வெளியே இருந்த பப்ளிக் ஸ்கூலுக்குப் போய் மிரண்டார்கள். அவர்களுக்காக 1989-இல் மாநிலம் தனிப் பள்ளி மாவட்டமே உருவாக்கியது. 1994-இல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பானது. 1997-இல் நீதிமன்றம் தன் 1985 தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்ட பிறகுதான் கதவு திறந்தது. உங்கள் கணவரின் கவலை புதியதுமில்லை, சிறியதுமில்லை.

ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொதுப் பணத்தில் வரும் ஆசிரியர் மதப் பாடம் நடத்தக்கூடாது. ஆகவே கணக்கு வகுப்பில் நல்ல உதவி இருக்கும், தோரா வகுப்பில் இருக்காது என்ற நிலை வரலாம். உங்கள் பையன் வெடிப்பது காலையில்தான் என்றால் அரசு உதவி முழுவதும் தவறான நேரத்தில் போய் விழும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ‘காலைப் பாடவேளையில் இவன் பக்கத்தில் யார் இருப்பார், அவருக்குச் சம்பளம் யார் தருவார்’ என்று கேளுங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் இதுதான் முதன்மையானது.

இப்போது பெயர்கள். நியூ ஜெர்சியில் 1982-இல் தொடங்கிய சினாய் என்ற அமைப்பு, வழக்கமான டே ஸ்கூல்களுக்குள்ளேயே சிறப்பு வகுப்புகள் நடத்துகிறது. ப்டாஹ் என்ற அமைப்பு 1970-களிலிருந்து யெஷிவாக்கள் எனப்படும் மரபு யூதப் பள்ளிகளுக்குள் அதே வேலையைச் செய்துவருகிறது. மன்ஹாட்டனில் 2014-இல் தொடங்கிய ஷெஃபா பள்ளி, மொழி சார்ந்த கற்றல் சிரமம் உள்ளவர்களுக்கானது. வாசிப்புச் சிரமம்தான் வேர் என்று மதிப்பீடு சொன்னால் முதலில் அங்கே பேசுங்கள். புரூக்ளினில், மாற்றுத்திறனாளிகளுக்கான யூத அமைப்பான யாஹாத்தின் ஐ.வி.டி.யூ. பள்ளிகளும் எச்.ஏ.எஸ்.சி. பள்ளியும் இருக்கின்றன. எச்.ஏ.எஸ்.சி. வளர்ச்சிக் குறைபாடு அதிகமுள்ள குழந்தைகளுக்கானது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. கற்றல் சிரமத்துக்கென்று நடக்கும் பள்ளி, நடத்தையே முதன்மைச் சிக்கல் என்றால் தயங்கக்கூடும். சாதாரண டே ஸ்கூல் ஒன்றைப் பரிசீலித்தால், சிரமப்படும் மாணவர்களைக் கையாள ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் ஹிட்டன் ஸ்பார்க்ஸ் போன்ற அமைப்பிடம் அதன் ஆசிரியர்கள் பயிற்சி எடுத்தவர்களா என்று விசாரியுங்கள். ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் உங்கள் மதமாற்றச் சான்றிதழைக் கேட்பார்கள். எந்த ரபிகள் குழு அளித்தது என்பதையும் பார்ப்பார்கள். முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது ‘இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா’ என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ‘8.20-க்கு மேசைக்கடியில் போய்விட்டான், உங்கள் ஆசிரியர் என்ன செய்வார்’ என்று கேளுங்கள். அவன் போய் அமர ஒரு அமைதியான அறை இருக்கிறதா, யார் கூட்டிப் போவார், எத்தனை நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்ப வைப்பார்கள், எந்த நிலையில் உங்களுக்குப் போன் வரும்? ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், அன்பாக இருந்தால் போதும்’ என்ற பதிலை நான் நம்பமாட்டேன். ‘ஓடினால் சமாளிப்போம், கடித்தால் அன்று வீட்டுக்கு அனுப்புவோம்’ என்று எல்லையைச் சொல்லும் பள்ளியை நம்புவேன். ஒரு காலை வகுப்பை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கடித்ததை மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். வேண்டாம். பிரின்சிபால்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், எப்படியும் போன் போகும். நடந்ததையும், அதன் பிறகு எது உதவியது என்பதையும் ஒரே பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இடம் கிடைத்தால், செப்டம்பர், அக்டோபரை வைத்துப் பையனை எடைபோட வேண்டாம் என்று பள்ளியிடம் இப்போதே பேசி வையுங்கள். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வந்து, தினசரி ஒழுங்கு பழகும் முன்பே கலைந்துவிடும். மாற்றம் தாங்காத குழந்தைகளுக்கு அது மிகக் கடினமான காலம்.

பொருத்தமான யூதப் பள்ளி எதுவும் அமையாமலும் போகலாம். அப்போது நல்ல உதவியுள்ள பப்ளிக் ஸ்கூலில் ஓராண்டு படிப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். அங்கே சட்டம் முழுமையாக அவன் பக்கம் நிற்கும். ஹீப்ருவுக்கு மாலையில் அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியர், சப்பாத் என்ற வார ஓய்வுநாளில் சினகாக் (யூத வழிபாட்டுக் கூடம்), யாஹாத்தின் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நிலைமை சீரானதும் டே ஸ்கூலுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் வெளியே அனுப்பப்படும் வகுப்பறையில் ஒரு குழந்தை தோராவை நேசிக்கக் கற்றுக்கொள்வது கடினம் என்பதை உங்கள் கணவரிடம் மென்மையாகச் சொல்லுங்கள்.

இந்த வாரமே சி.எஸ்.ஈ.க்குக் கடிதம் போகட்டும். பையனின் பெயர், பிறந்த தேதி, இப்போதைய பள்ளி, முழு மதிப்பீடும் எஃப்.பி.ஏ.வும் வேண்டும் என்ற கோரிக்கை, உங்கள் கையெழுத்து, தேதி. அதே கடிதத்தில் வரும் ஆண்டுக்கான ஐ.ஈ.எஸ்.பி. சேவைகளையும் கேட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.