தக்கர் என்றால் துணி மிதிப்பவர்

கேள்வி: நான் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்தவள். கல்லூரியின் பெயரில் உள்ள ‘தக்கர்’ ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பொருள் உண்டா? அது ஊரைக் குறிக்கிறதா, தொழிலைக் குறிக்கிறதா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: தொழிலைக் குறிக்கிறது. நெய்து முடித்த கம்பளித் துணியை நீர்த்தொட்டியில் இட்டு, மிதித்தும் அடித்தும் அழுக்கு நீக்கி, இழைகள் ஒன்றோடொன்று இறுகும்படி செய்த தொழிலாளியை இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி மக்கள் அழைத்த பெயர் ‘தக்கர்’ (ஆங்கில ஒலிப்பில் ‘டக்கர்’). பழைய ஆங்கிலத்தில் ‘டூகியன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. அதன் முதற்பொருள் துன்புறுத்துதல், வதைத்தல் என்பதாகும். ஈரத் துணியை நாள் முழுதும் மிதித்துப் புரட்டுகிற வேலைக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்திவந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் நேரான சொல் இல்லாததற்குக் காரணம் இழையிலேயே இருக்கிறது. பருத்தி இழை வழவழப்பானது. எவ்வளவு மிதித்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பிலோ நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, தறியிலிருந்து இறங்கும்போது சல்லடைபோல் இடைவெளிவிட்டுக் கிடந்த துணி சுருங்கித் தடித்து, குளிரையும் மழையையும் தாங்கும் கம்பளியாகிறது. பருத்தியே உடுத்திய நம் நாட்டில் துணியை வெளுப்பவர் தேவைப்பட்டார், இறுக்குபவர் தேவைப்படவில்லை. அதனால்தான் பைபிளைத் தமிழாக்கியவர்கள் இந்தத் தொழிலாளி வரும் இடங்களில் நமக்குத் தெரிந்த சொல்லையே கையாண்டார்கள். ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் ‘வண்ணார்துறை’ என்று நாம் படிப்பது, ஆங்கிலத்தில் துணி இறுக்குபவரின் வயல் என்றே இருக்கிறது. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், இயேசுவின் ஆடையைப்போல் வெண்மையாக வெளுக்கப் பூமியில் யாராலும் இயலாது என்ற வசனத்திலும் இதே தொழிலாளிதான் பேசப்படுகிறார். அந்த மொழிபெயர்ப்பைக் குறையாக நான் கருதவில்லை. இரண்டு தொழிலிலும் நீரும் மண்ணும் உழைப்பும் பொது.

நூற்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு ரோமத்தில் எண்ணெயோ கொழுப்போ தடவியிருப்பார்கள். அதை நீக்க இரண்டு பொருள்கள் பயன்பட்டன. ஒன்று, வீடுவீடாகச் சேகரித்து நாட்படவைத்த மனிதச் சிறுநீர். அதில் உண்டாகும் அம்மோனியா கொழுப்பைக் கரைத்தது. மற்றொன்று, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். இன்று நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதை ஆங்கிலத்தில் இன்றும் இந்தத் தொழிலாளிக்கு வழங்கிய ‘ஃபுல்லர்’ என்ற இன்னொரு பெயராலேயே ‘ஃபுல்லரின் மண்’ என்று சொல்கிறார்கள். மிதித்து முடித்த துணியை அலசி, வெளியில் நட்ட மரச்சட்டங்களில் கொக்கிகளால் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். டெவன் மாவட்டத்தின் தலைநகரான எக்ஸெட்டர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தொழிலால் செழித்தது. 1698இல் அங்கு வந்த சீலியா ஃபியன்ஸ் என்ற பெண்மணி, துணியைச் சிறுநீரில் ஊறவைப்பதில் தொடங்கி ஒவ்வொரு படியையும் கண்டு எழுதிவைத்திருக்கிறார். நெசவாளரும் துணி இறுக்குவோரும் கத்தரிப்போரும் சேர்ந்த தொழிற்சங்கத்துக்காக 1471இல் எழுப்பப்பட்ட கட்டடம் ‘தக்கர்ஸ் ஹால்’ என்ற பெயருடன் அந்த நகரில் இன்றும் நிற்கிறது.

மனிதக் கால்கள் செய்த வேலையை 12ஆம் நூற்றாண்டிலிருந்து நீராலையின் மரச்சம்மட்டிகள் மெல்லமெல்ல ஏற்றுக்கொண்டன. டெம்ப்ளர் என்ற சமயப் படைத்துறவிகள் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கில், யார்க்ஷயரில் ஒன்றும் கிளாஸ்டர்ஷயரில் ஒன்றுமாக இத்தகைய ஆலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. தென்மேற்கில் அந்த ஆலைக்கும் ‘தக்கிங் மில்’ என்றே பெயர். கார்ன்வால் பகுதியில் கேம்போர்ன் நகருக்கு அருகே ‘தக்கிங்மில்’ என்று ஓர் ஊரே உண்டு. சுரங்க வெடிகளுக்கான பாதுகாப்புத் திரியை வில்லியம் பிக்ஃபோர்ட் 1831இல் தயாரிக்கத் தொடங்கிய இடம் அதுதான்.

தாங்கள் படித்த கல்லூரியின் பெயருக்குரிய சாராள் தக்கர் துணி மிதித்தவர் அல்லர். சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றிய ஜான் தக்கரின் சகோதரி அவர். தாம் ஒருபோதும் காணாத திருநெல்வேலிச் சீமைப் பெண்களின் கல்விக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே அக்கறை காட்டியவர். அவர் நினைவாகத் தோன்றிய கல்விப்பணி 1895இல் கல்லூரியாக வளர்ந்தது. இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வழக்கமாக உறுதிப்பட்டபின், பிள்ளை பாதிரியாரானாலும் மாலுமியானாலும் முன்னோர் ஒருவரின் தொழில் பெயரில் தங்கிவிட்டது.

கேள்வி: பள்ளியில் சட்டையை ‘டக் இன்’ செய்யச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா? (விருதுநகர் வாசகர்)

பதில்: உண்டு. அதே வேர்தான். வதைத்தல் என்ற பொருளிலிருந்து இழுத்தல், சுருக்கிச் சேர்த்தல் என்ற பொருள்கள் கிளைத்தன. நீண்ட அங்கியை இழுத்து இடுப்பில் செருகுவதற்கு அந்தச் சொல் வழங்கிப் பின்னர் சட்டைக்கும் வந்தது. ஆஸ்திரேலியர்கள் உணவை ‘டக்கர்’ என்று சொல்வதும் இந்த வினைச்சொல்லின் இன்னொரு கிளையே. குடும்பப் பெயரிலிருந்து பிறந்ததன்று.

கேள்வி: ஃபுல்லர், வாக்கர் என்ற பெயர்களும் துணி மிதித்தவர்களையே குறிக்கும் என்கிறார்கள். ஒரே நாட்டில், ஒரே தொழிலுக்கு, மூன்று பெயர்கள் எதற்கு? வாக்கர் என்றால் நடப்பவர் இல்லையா? (கோவை வாசகர்)

பதில்: மூன்றும் ஒரே தொழிலாளியின் பெயர்கள்தாம். குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் இங்கிலாந்து முழுவதற்கும் பொதுவான எழுத்துமொழி உருவாகியிருக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரமும் தன் பேச்சுவழக்கில் உள்ள சொல்லாலேயே தொழிலாளியை அழைத்தது. தென்மேற்கில் அவர் தக்கர். தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். வரிக்கணக்கு எழுதிய குமாஸ்தா ஊரார் சொன்ன சொல்லையே ஏட்டில் பதிந்தார். ஆகவே இந்தப் பெயர்களின் பரவலை ஒரு வரைபடத்தில் குறித்தால், அது அக்கால ஆங்கில வட்டார வழக்குகளின் வரைபடமாகவும் அமைந்துவிடுகிறது. மொழியில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதைவிட இனிய சான்று கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

ஃபுல்லர் என்ற சொல் லத்தீனின் ‘ஃபுல்லோ’ என்பதிலிருந்து வந்தது. ரோமர்களிடம் இந்தத் தொழில் பெரிய அளவில் நடந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரில் அதற்குரிய தொட்டிகளோடு பட்டறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. வெஸ்பாசியன் பேரரசர் சிறுநீர்மீதே வரி விதித்தார் என்றால், அந்தப் பொருளுக்கு இருந்த வணிக மதிப்பை ஊகிக்கலாம்.

வாக்கர் பற்றிய ஐயம் இயல்பானது. ஜானி வாக்கர் நிறுவனம்கூட 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியரைக் கொண்டு, வேகமாக நடந்துசெல்லும் ஒருவரின் உருவத்தையே தன் சின்னமாக வரைந்துகொண்டது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல் என்பதே பொருள். துணியைக் காலடியில் புரட்டியவர் வாக்கர் ஆனார். காலால் நடத்தல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் ‘வால்கன்’ என்ற உறவுச்சொல் இன்றும் துணியை இறுக்குவதையே குறிக்கிறது.

பெயர் ஒருவரின் பூர்விக வட்டாரத்தைக் காட்டிக்கொடுப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சென்றவர்களுள் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்ற சகோதரர்கள் இருந்தனர். அவர்களுடைய சொந்த ஊர் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள ரெடன்ஹால்.

கேள்வி: தக்கர் என்ற பெயருடையோர் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள்? அவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தின் வழிவந்தவர்களா? (கொழும்பு வாசகர்)

பதில்: பின்கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: இல்லை. கம்பளி நெய்த ஊர்தோறும் துணி மிதிப்பவர் ஒருவராவது இருந்தார். ஆகவே இந்தப் பெயர் பல இடங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தோன்றியது. இதைத் தவிர, வேற்றுமொழிப் பெயர்கள் சிலவும் இந்த உருவில் வந்து கலந்தன. அயர்லாந்தின் ஓ டுவாஹர் என்ற குடிப்பெயர் சில இடங்களில் தக்கர் என்று ஆங்கிலமாக்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ‘டூகர்’ என்ற துணிக்காரர்களும் சிலர் இப்படியே எழுதலாயினர். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி சோஃபி தக்கர் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கணவரின் ‘டக்’ என்ற பெயரை நீட்டித் தக்கர் ஆக்கிக்கொண்டவர்.

இங்கிலாந்துக்குள் இந்தப் பெயர் இன்னும் தன் பிறந்த மண்ணை விட்டு அதிகம் நகரவில்லை. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் டெவனில்தான் இது மிகச் செறிந்து காணப்படுகிறது. சோமர்செட், கார்ன்வால், டார்செட் ஆகியவை அடுத்து வருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கமும் துறைமுகமும் அழைக்க, டெவன், சோமர்செட் மக்கள் கடலிடுக்கைக் கடந்து தெற்கு வேல்ஸில் குடியேறியபோது பெயரும் உடன் போயிற்று. அதற்கும் முன்பே, பிளிமத், டார்ட்மத் துறைகளிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற தென்மேற்கு மக்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நிலைகொண்டனர். அங்கும் தக்கர்கள் உள்ளனர். அட்லாண்டிக் நடுவிலுள்ள பெர்முடாவில் 1616இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற டேனியல் தக்கரின் பெயரால் ‘தக்கர்ஸ் டவுன்’ என்ற இடம் வழங்குகிறது. பெர்முடாவில் பிறந்த இன்னொருவரான ஹென்றி செயின்ட் ஜார்ஜ் தக்கர் இந்தியாவுக்கு வந்து பணியாற்றிப் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவரானார். அவருடைய மகள் சார்லட் மரியா தக்கர் தம் 54ஆம் வயதில் இந்தியா வந்து, பஞ்சாபின் படாலாவில் கல்விப்பணி செய்து, 1893இல் அமிர்தசரஸில் காலமானார்.

எண்ணிக்கையில் மிகுதி அமெரிக்காவில்தான். தக்கர் என்ற பெயருடையோர் அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். வாக்கர்கள் 5 லட்சத்துக்கும் மேல். இந்த எண்ணிக்கையை வெறும் குடியேற்றக் கணக்காகப் படிப்பது சரியன்று. இவர்களுள் பெருந்தொகையினர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அடிமைகளாக வைத்திருந்தவர்களின் குடும்பப் பெயரை, அல்லது அடிமைமுறை ஒழிந்தபின் தாமே தெரிந்துகொண்ட ஒரு பெயரைச் சுமக்க நேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். டெவனின் துணித்தொட்டிகளோடு அவர்களுடைய முன்னோருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இதன் தொடக்கத்தையே ஓர் ஏட்டில் காணமுடிகிறது. 1619இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு ஆப்பிரிக்கர்கள் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. சில ஆண்டுகளில், 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், கேப்டன் வில்லியம் தக்கர் என்பவரின் வீட்டாரோடு ஆன்டனி, இசபெல்லா என்ற ஆப்பிரிக்கத் தம்பதியும் ஞானஸ்நானம் பெற்ற அவர்களுடைய குழந்தை வில்லியமும் எழுதப்பட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு இடப்பட்டது வீட்டு எஜமானரின் பெயர். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் தக்கர் குடும்பத்தார் என்ற கறுப்பினக் குடும்பத்தினர், அந்தக் குழந்தையின் வழிவந்தவர்கள் தாங்கள் என்ற மரபைப் போற்றி, தங்கள் முன்னோரின் இடுகாட்டைப் பேணிவருகிறார்கள். ஒரு குடும்பப் பெயர் எங்கெங்கே பரவியது என்று கேட்கிறபோது, யார் விரும்பி அதைக் கொண்டுபோனார்கள், யார்மீது அது வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: சென்னை தியாகராய நகரில் உள்ள தக்கர் பாபா வித்யாலயாவின் தக்கரும் இவர்தம் இனமா? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. அவர் குஜராத்தின் பாவ்நகரில் 1869இல் பிறந்த அமிர்தலால் தக்கர். ஹரிஜன சேவக சங்கத்தின் செயலாளராகவும் பழங்குடி மக்களின் தொண்டராகவும் வாழ்ந்து 1951இல் மறைந்தவர். அவர் பெயர் தாங்கிய அந்த வித்யாலயாவுக்கு 1946இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். குஜராத்தி லோகாணா சமூகத்தாரின் அந்தக் குடும்பப் பெயர், தலைவர் என்று பொருள்படும் ‘டக்குர’ என்ற வடசொல்லைச் சார்ந்தது; தாக்கூர் என்ற பெயருக்கும் அதுவே மூலம்.

ஆங்கிலப் பெயரும் குஜராத்திப் பெயரும் தம் தம் மொழியில் ட ஒலியோடு தொடங்குபவை. குஜராத்தியில் அது மூச்சொலி கூடிய ட. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது என்பது நன்னூல் வகுத்த விதி. பழைய தலைமுறையினர் பிறமொழிப் பெயர்களையும் பெரும்பாலும் அந்த விதிக்கு இணங்கவே எழுதினார்கள். அதனால்தான் பாளையங்கோட்டைக் கல்லூரியின் பெயர்ப் பலகையிலும் தியாகராய நகர்ப் பெயர்ப் பலகையிலும் ஒரே எழுத்துகளில் ‘தக்கர்’ என்று படிக்கிறோம்.