புகாரே வராத வீடு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 39. விவாகரத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள், 12 வயது. ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது சிறு நிறுவனங்களுக்கு பிசினஸ் கன்சல்டிங் செய்து வருகிறேன். ஸ்டாக் ஏன் தேங்குகிறது, டெலிவரி ஏன் தாமதமாகிறது, வர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பதுதான் என் வேலை.

வேலையை ராஜினாமா செய்த அன்று மேலதிகாரி சொன்னார்: "தனியாகக் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. கிளையன்ட் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டியிருக்கும்." அந்தப் பேச்சை என்னால் மறக்கவே முடியவில்லை. அண்ணனும் அதையேதான் சொல்கிறார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு உனக்கு எதற்கு இந்த விஷப்பரீட்சை என்கிறார். நான் ஒருத்தியாக நின்று வீடு, பள்ளி, மருத்துவமனை, வங்கி என்று எல்லாவற்றையும் நடத்திக் காட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய அனுபவம் எந்த எம்பிஏ படிப்பில் கிடைக்கும்?

இதைத்தான் என் தொழில் அறிமுகக் குறிப்பில் எழுதினேன். தனிப் பெற்றோராக இருந்து கற்ற நேர நிர்வாகம், பேச்சுவார்த்தை, நெருக்கடி சமாளிப்பு என்று. அதைப் படித்த பழைய சக ஊழியர் ஒருவர், "அனுதாபத்தில் வேலை பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

கிளையன்ட்களும் அப்படித்தான். மூன்று வாரத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்ட ஒரு வேலை, "இதையும் கொஞ்சம் பாருங்களேன் மேடம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதம் இழுத்தது. கூடுதலாக ஒரு பைசா தரவில்லை. நானும் கேட்கவில்லை. முகத்தை முறித்துக்கொண்டால் அடுத்த வேலை வராதே. ஒரு ஆண் கன்சல்டன்டிடம் இப்படிச் செய்வார்களா?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொடுத்துவைத்தவள். மகளைப் பற்றிக் கவலையே இல்லை, வயதுக்கு மீறிய பக்குவம். எந்த கிளையன்ட் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. போன மாதம் பள்ளியில் காய்ச்சல் வந்து மதியம் முழுக்க பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடச் சொல்லவே இல்லை. மாலை வந்து தானே மாத்திரை போட்டுக்கொண்டாள். ஏன்டி சொல்லவில்லை என்றால், "உனக்கு மீட்டிங் இருந்துச்சேம்மா" என்றாள். பள்ளிப் படிவத்தில் இரண்டாவது தொடர்பு எண்ணை நான் இதுவரை நிரப்பியதில்லை. யாரிடமும் கைநீட்டி நிற்கக் கூடாது என்பதுதான் என் கொள்கை. அவளும் அப்படியே வளர்கிறாள்.

ஆனால் வெளியுலகம் இதையெல்லாம் எங்கே பார்க்கிறது? மேலதிகாரி அன்று சொன்னதை இன்று எல்லோரும் சொல்கிறார்கள். தனிப் பெற்றோர் என்பதை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? இந்த அனுபவத்தைத் தொழில் தகுதியாக மதிக்க வைப்பது எப்படி?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலதிகாரி, அண்ணன், பழைய சக ஊழியர், கிளையன்ட் என்று ஒவ்வொருவரும் உங்களைக் காயப்படுத்தியதை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கவலையே இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய பத்தியில்தான் எனக்குக் கவலை பிறந்தது.

ஒரு நிறுவனத்துக்குள் முதல் நாள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பெருமையோடு சொல்கிறார்: "எங்கள் ஊழியர்கள் தங்கம். ஒரு புகார்கூட வருவதில்லை. மிஷின் நின்றால்கூட என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்." நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மிஷின் நின்றதை மேலே சொல்ல முடியாத நிலை ஏன் வந்தது என்று விசாரிக்கத் தொடங்குவீர்கள். புகார்ப் பதிவேடு வெறுமையாக இருந்தால், சொல்வதில் பயனில்லை என்று ஊழியர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே நிலை உங்கள் வீட்டில் இருக்கும்போது அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

காய்ச்சலோடு கிடந்த 12 வயதுக் குழந்தை, தன் உடம்பையும் அம்மாவின் மீட்டிங்கையும் எடைபோட்டு, மீட்டிங்தான் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறாள். அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு அவளுடையதல்ல. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான இவான் போசோர்மெனி-நாஜி, 1973ல் ஜெரால்டின் ஸ்பார்க்குடன் சேர்ந்து இந்த நிலையை விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தை பெற்றோரின் இடத்துக்கு நகர்ந்து, பெற்றோரைத் தாங்கத் தொடங்குவது என்று அதைச் சொல்லலாம். வீட்டுவேலையில் கைகொடுப்பதைச் சொல்லவில்லை. துணி மடிப்பதும் பை அடுக்குவதும் குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் எந்த கிளையன்ட் எவ்வளவு பாக்கி என்பது அவள் மனதில் இருக்கக் கூடாத கணக்கு. அந்தத் தொகையை வசூலிக்கும் வழி எதுவும் அவளிடம் இல்லை. அதனால் தன் தேவைகளைக் குறைத்துக்கொள்கிறாள்.

இதில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். யாரிடமும் கைநீட்டக் கூடாது என்ற கொள்கையை மகளும் கற்றுக்கொண்டாள் என்று மகிழ்கிறீர்கள். அவள் அதை முழுமையாகவே கற்றிருக்கிறாள். அந்த 'யாரிடமும்' என்பதில் நீங்களும் சேர்த்திதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகளின் நிலையும் உங்கள் கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தனிப் பெற்றோராக இருப்பது தொழிலுக்குத் தகுதி சேர்க்குமா என்றால், நிச்சயம் சேர்க்கும். வாழ்க்கையின் ஒரு பொறுப்பில் பெற்ற திறனும் பார்வையும் இன்னொரு பொறுப்பை வளப்படுத்தும் என்று நிர்வாகவியல் பேராசிரியர்களான ஜெஃப்ரி கிரீன்ஹாஸும் கேரி பவலும் 2006ல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள். அவர்கள் கூற்றுப்படி இந்த ஓட்டம் இரு திசையிலும் நடக்கும். வீட்டிலிருந்து வேலைக்கும் போகும், வேலையிலிருந்து வீட்டுக்கும் வரும். உங்களிடம் இந்த இரண்டாவது திசை அடைபட்டிருக்கிறது.

என்ன திறன்கள் என்பதில் நீங்கள் எழுதிய பட்டியல் மிகவும் பொதுவானது. நேர நிர்வாகம் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நீங்கள் உண்மையில் கற்றவை அதைவிட நுட்பமானவை. குழந்தை வயிற்றுவலி என்று சொன்னால் நாளைக்குத் தேர்வா என்று யோசிக்கிறீர்கள். அதே காதுதான், "என் ஸ்டாஃப் சரியில்லை" என்று முதலாளி சொல்லும்போது விலைப்பட்டியலிலோ ஆர்டர் எடுக்கும் முறையிலோ சிக்கல் இருக்கலாம் என்று கேட்கிறது. ஒருநாள் குழந்தையைப் பிறர் பொறுப்பில் விட்டுப் போக, மருந்து எது, எத்தனை மணிக்கு, காய்ச்சல் ஏறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிவைத்திருப்பீர்கள். நீங்கள் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி எழுதிக்கொடுப்பதைத்தான் கிளையன்ட் உங்களிடம் விலைகொடுத்து வாங்குகிறார். எல்லாவற்றையும்விடப் பெரியது, மறுத்துச் சொல்லும் திறன். வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் கண்டிக்கலாம், மற்றவர் அணைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் முடியாது என்று சொன்னவரும் நீங்கள்தான், அழுத குழந்தையைச் சமாதானம் செய்தவரும் நீங்கள்தான். உறவு முறியாமல் எல்லை போடத் தெரிந்த கன்சல்டன்டுகள் அதிகம் இல்லை.

அப்படியென்றால் மூன்று வார வேலை ஏன் இரண்டு மாதம் இழுத்தது? மறுத்துச் சொல்லும் திறனைக் கொடுத்த அதே வாழ்க்கை, எல்லாவற்றையும் நானே சுமப்பேன், யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்ற பழக்கத்தையும் கொடுத்திருக்கிறது. கூடுதல் கட்டணம் கேட்காதது அந்தப் பழக்கம். இரண்டாவது தொலைபேசி எண் எழுதாததும் அதுதான். கிளையன்டின் தொழிற்கூடத்தில் ஒரே ஆளை நம்பி மொத்த வேலையும் ஓடினால் முதல் அறிக்கையிலேயே ஆபத்து என்று எழுதுவீர்கள் அல்லவா?

ஆணிடம் இப்படிச் செய்வார்களா என்று கேட்டீர்கள். பெண்ணிடம் கூடுதல் உரிமை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லை எழுதப்படாத ஒப்பந்தம் யார் கையிலும் இழுபடும். இதில் சேர்வது எது, சேராதது எது, எத்தனை சந்திப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கட்டணத்தில் 40 சதவீதம் தொடங்கும் முன், 30 நடுவில், 30 இறுதி அறிக்கையோடு என்று பிரியுங்கள். "இதையும் பாருங்களேன்" என்றால் அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போகட்டும்: "இது நம் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, நான்கு நாள் ஆகும், கட்டணம் இவ்வளவு. சம்மதம் என்றால் தொடங்குகிறேன்." ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அது பாக்கி கேட்பதுபோல ஆகிவிடும்.

உங்கள் பயம் கட்டணக் கணக்கிலும் இருக்கக்கூடும். தனியாகத் தொழில் செய்பவர்கள் பலர், தேவையான ஆண்டு வருமானத்தை, வாரம் 5 நாள் வீதம் 260 வேலைநாளால் வகுத்துத் தினக்கட்டணம் போடுகிறார்கள். 52 வாரத்தில் 4 வாரம் விடுமுறை, 2 வாரம் குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்கள் என்று கழித்தால் மிஞ்சுவது 46 வாரம், அதாவது 230 நாள். அதில் பாதி புது வேலை தேடுவதற்கும் முன்மொழிவு எழுதுவதற்கும் பில் துரத்துவதற்கும் போகும் என்று வைத்துக்கொண்டால், விற்கக்கூடிய நாள் 115. 260ஆல் வகுத்தவருக்குத் தேவையானதில் பாதிகூட வராது. அந்தப் பள்ளத்தை நிரப்ப இரவும் ஞாயிறும் உழைக்க வேண்டியிருக்கும். காய்ச்சலைச் சொல்லலாமா என்று குழந்தை யோசிப்பது அந்த நாட்களில்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்ய வேண்டும். பணப்பேச்சை அவள் காதில் விழாத இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: "அன்னைக்கு நீ சொல்லாம இருந்ததைப் பக்குவம்னு நினைச்சுட்டேன். அது தப்பு. காய்ச்சல், அடி, பயம், இந்த மூணுல எது வந்தாலும் எந்த மீட்டிங்கையும் நிறுத்தலாம். நிறுத்தினா நான் கோபப்பட மாட்டேன்." சொன்னதை அவள் உடனே நம்பமாட்டாள். சின்ன விஷயத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதிப்பாள். அந்த அழைப்பை நீங்கள் எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது, சலிப்பு குரலில் தெரிந்தால் மறுபடி மூடிக்கொள்வாள். புது கிளையன்டிடம் முதல் சந்திப்பிலேயே, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள். அதை ஏற்காதவர் வேறு இடங்களிலும் உங்கள் எல்லையை மதிக்க மாட்டார்.

மாலையில் "எல்லாம் ஓகேவா?" என்று கேட்காதீர்கள். ஓகே என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எந்த நேரம் ரொம்ப நீளமா இருந்துச்சு?" என்பதுபோலக் கேளுங்கள். பதில் வந்ததும் தீர்வு சொல்ல ஓடாதீர்கள். நிறுவன உளவியல் அறிஞர் எட்கர் ஷைன் கன்சல்டிங்கை மூன்றாகப் பிரித்தார்: நிபுணராகத் தீர்வை விற்பது, மருத்துவர்போல நோய் கண்டு மருந்து எழுதுவது, கூட இருந்து கிளையன்டே தன் சிக்கலைப் பார்க்க உதவுவது. வீட்டில் உங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

அறிமுகக் குறிப்பைப் பொறுத்தவரை, தனிப் பெற்றோர் என்பதை மறைக்கவும் வேண்டாம், தகுதியாக முன்னிறுத்தவும் வேண்டாம். ஸ்டாக் தேக்கத்தை எப்படிக் குறைத்தீர்கள், தாமதத்தின் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதுங்கள். கிளையன்ட் தேடுவது அதைத்தான். அந்தச் சக ஊழியர் கேட்டது அநாகரிகம், மேலதிகாரி சொன்னது தவறான முன்முடிவு. அவர்களுக்குப் பதில் சொல்லவே இந்தத் தொழிலை நடத்துகிறீர்களோ என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அண்ணனிடம் வாதாடாமல் ஓர் உதவி கேளுங்கள்: இரண்டாவது தொடர்பு எண்ணாக அவர் இருப்பாரா? அவரால் முடியாவிட்டால் நம்பிக்கையான தோழியிடம் கேளுங்கள். நீங்கள் கேட்பதை மகள் பார்க்கட்டும்.

தூக்கம் கெடுவது, காரணமில்லாத தலைவலி அல்லது வயிற்றுவலி, தோழிகளிடமிருந்து விலகல், சின்னத் தவறுக்கும் அளவுகடந்த மன்னிப்பு, இவற்றில் எதுவும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அவளைக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரிடம் நேரில் அழைத்துப் போங்கள். அந்தச் சந்திப்பை மீட்டிங் இல்லாத நாளில் வைக்க வேண்டியதில்லை.