வாசகர் கேள்வி – பதில்: புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை ஊர்

கேள்வி: வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை ஒவ்வொரு முறையும் கடற்கரைச் சாலைக்கும் பிரெஞ்சுத் தெருக்களுக்குமே அழைத்துச் செல்கிறோம். விடுமுறை நாள்களில் அங்கே நடக்கவும் இடமில்லை. ஐரோப்பியர் கால வரலாறு உள்ள, ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய அமைதியான ஊர் எது? தரங்கம்பாடி எங்களுக்குத் தூரம்.
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடலூருக்குப் போய் வாருங்கள், அம்மா. ஏறத்தாழ 22 கி.மீ. தொலைவுதான், பேருந்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அந்த ஊருக்கு அடிக்கடி போய்வரும் நம் மக்கள், அதைச் சுற்றிப் பார்ப்பதற்குரிய ஊராக நினைப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மஞ்சள் வண்ணம் பூசிய மதில்களையும் காகிதப்பூக் கொடிகளையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். புதுச்சேரியின் கதையில் பாதி கடலூரில் நடந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும்.

கடலூரின் கடற்கரைப் பகுதியான தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரையுள்ள நிலமும் ஊர்களும் கம்பெனிக்குச் சேரும் என்பது உடன்படிக்கை. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது இந்தக் கோட்டைதான். சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய இளம் கிளைவ் வந்து சேர்ந்ததும் இங்கேதான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே பலமுறை படை அனுப்பியும் கோட்டை விழவில்லை. அவருடைய துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் தரகருமான) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்த காலம் இது. 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் இங்கிருந்து கிளம்பிப் புதுச்சேரியை முற்றுகையிட்டு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் திரும்பிவிட்டார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அதற்குப் பதிலடியாக, 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அந்நகரின் கோட்டையையும் ஐரோப்பியர் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்த பிறகே மீண்டும் கட்டப்பட்டது. ஆகவே நீங்கள் விருந்தினருக்குக் காட்டும் வீடுகள் பெரும்பாலும் அந்த இடிப்புக்குப் பின் எழுந்தவை. அவை ஏன் புதிதாகக் கட்டப்பட வேண்டியிருந்தது என்பதற்கான விடை கடலூரில்தான் கிடைக்கிறது.

காலையிலேயே தேவனாம்பட்டினத்துக்குச் சென்றுவிடுங்கள். கெடிலம் கடலில் கலக்குமிடத்துக்கு அருகே கோட்டை இருந்தது. இன்று எஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம் என்பதால், கதையை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் சொல்லி அழைத்துப்போனால் ஏமாற்றம் இராது. ஆற்றையும் கடலையும் ஒருசேரப் பார்க்கும்போது, கப்பல் வைத்திருந்தவர்கள் இந்த இடத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது விளங்கிவிடும். 2004 ஆழிப்பேரலையில் பெருந்துயரைக் கண்ட மீனவர் ஊர் இது. கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம்.

அடுத்து மஞ்சக்குப்பம். அங்கே கோட்டை ஆளுநர்களுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் மாவட்ட ஆட்சியர் இல்லமாக நெடுங்காலம் இருந்த தோட்ட மாளிகை இருக்கிறது. அரசுக் கட்டடம் என்பதால் உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலை நடை சாத்தும் முன் தரிசித்துவிட்டு, மீதிப் பொழுதை முதுநகருக்கு ஒதுக்குங்கள். உப்பனாற்றங்கரைத் துறைமுகம், படகுகள், பழைய வணிகத் தெருக்கள் என்று அவசரமில்லாமல் நடக்க வேண்டிய இடம் அது. என் கணிப்பில் ஊரின் பழைமை மிகுதியாகத் தங்கியிருப்பது அங்கேதான். பொங்கலுக்குப் பிந்தைய ஒன்றரை மாதம் இதற்கு ஏற்ற காலம். கத்திரி வெயிலில் முதியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: கடலூர் கேப்பர் மலைச் சிறையில் பாரதியார் இருந்தாரா? அதைப் பார்க்க முடியுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இருந்தார். பிரிட்டிஷ் அரசின் கைக்கு எட்டாமல் 1908 முதல் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பர் 20-இல் எல்லை கடந்து பிரிட்டிஷ் பகுதிக்குள் வந்ததும் கைது செய்யப்பட்டுக் கடலூரில் சிறை வைக்கப்பட்டார். டிசம்பர் 14-இல் விடுதலையானார். அந்த வளாகம் இன்றும் மத்திய சிறைச்சாலையாகவே இயங்குகிறது; சுற்றுலாப் பயணியாக உள்ளே செல்ல வழியில்லை. குழந்தைகளுடன் போவதானால், முதலில் புதுச்சேரி ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லத்தைக் காட்டிவிட்டு, அதன் பிறகு கடலூருக்கு அழைத்துவாருங்கள்.