கேளுங்கள், சொல்கிறோம்: சோடா ஏன் நுரைத்துக் கொட்டுகிறது?

கேள்வி: சோழவந்தானில் சோடாக் கடை வைத்திருக்கிறேன். 19 லிட்டர் ஸ்டீல் கெக்கில் (பிரஷர் தாங்கும் மூடிய பாத்திரம்) பன்னீர் சோடா கலந்து, வெளியே வைத்தே 60 பிஎஸ்ஐ பிரஷரில் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) கொடுத்து, இணைப்பைக் கழற்றாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். இப்போது கிளாசில் முக்கால்வாசி நுரைதான். பிரஷரைக் குறைத்துப் பிடித்தாலும் நுரை. போகப் போக சோடாவும் சப்பென்று ஆகிறது. கெக்கிலிருந்து குழாய்வரை ஒன்றரை மீட்டர் டியூப். என்ன செய்யலாம்?

பதில்: முதல் கோளாறு அந்த 60. 30 டிகிரியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் கேஸைவிட, அதே பிரஷரில் 4 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல் பிடிக்கும். வெயிலுக்குச் சரியாக இருந்த அளவு ஃபிரிட்ஜுக்குள் போனதும் மிகையாகிவிட்டது. நம் ஊர்ச் சூட்டில் வெப்பநிலையைப் பார்க்காமல் பிரஷர் வைக்கவே கூடாது. 4 டிகிரிக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ தாராளம்.

ஏறிய கேஸை இறக்க, கெக் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். சிலிண்டரை மூடி, கேஸ் இணைப்பைக் கெக்கிலிருந்து கழற்றுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர் ரெகுலேட்டருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும். மூடியிலுள்ள வால்வின் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இழுங்கள். நுரை எட்டிப் பார்த்தால் உடனே விட்டுவிடுங்கள். சோடாவிலிருந்து கேஸ் பிரிந்து மேலே சேர நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இழுங்கள். ஐந்தாறு தடவைகூட ஆகலாம். அவசரமென்றால் கெக்கைக் குலுக்கி, கால் மணி நேரம் அசையாமல் வைத்த பிறகு திறக்கலாம். குலுக்கிய கையோடு திறந்தால் அத்தனையும் வெளியே பாயும்.

இரண்டாவது கோளாறு டியூப். 25 பிஎஸ்ஐயில் வரும் சோடா ஒன்றரை மீட்டரில் குழாய்க்கு வந்தால் சீறத்தான் செய்யும். பிரஷரைக் குறைப்பது வைத்தியமல்ல: டியூபிலேயே கேஸ் பிரிந்து நுரைக்கும், கெக்கில் இருப்பதும் சப்பென்று ஆகும். 5 மி.மீ. உள்துளை டியூப் 6, 7 மீட்டர் வாங்கி, சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். அந்த நீளம்தான் வேகத்தைத் தணிக்கும். குழாயை முழுசாகத் திறந்து, கிளாசைச் சாய்த்துப் பிடியுங்கள். பாதி திறந்தால் நுரை கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நுரைத்தால் டியூபை உற்றுப் பாருங்கள். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் குழாய் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். கெக்கின் வாயிலிருந்தே குமிழிகள் சரம்சரமாக வந்தால், கெக்கின் அடியிலிருந்து சோடாவை மேலே கொண்டுவரும் உள்குழாயின் கழுத்திலுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்திருக்கிறது; மேலே நிற்கும் கேஸ் அதன் வழியாகச் சோடாவில் கலக்கிறது. அதை மாற்ற, பிரஷரை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் மீட்டர் முள் கடைசிவரை இறங்காமல் இருந்து, திடீரென்று கேஸ் தீர்ந்துவிடுகிறதே? (மேலூர் வாசகர்)

பதில்: உள்ளே இருப்பது திரவம். அது தீரும்வரை முள் அசையாது. வெயிலில் ஏறக்கூடச் செய்யும். சிலிண்டரை எடைபோட்டு, அதன்மேல் பொறித்துள்ள காலி எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் கேஸ். நிமிர்த்திச் சங்கிலி கட்டி, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மூடிய அறையில் கசிந்தால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து.